ஏழு கூட்டிச் சொன்ன எண்

அப்பா இறந்து பதினாறு நாள் ஆகிறது. கடைசியாகப் பேசியபோது லைன் தெளிவாக இருந்தது. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் பெயர் சின்னராசு. ஊர், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். தொண்ணூற்றேழில் தோள் எலும்பு முறிந்தபின் அவர் கடலுக்குப் போகவில்லை. சுனாமிக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் படகுகளுக்குக் கையடக்க வயர்லெஸ்ஸும், கரைக்கு ஒரு பெரிய செட்டும் கொடுத்தது. கரை செட்டில் உட்கார ஆள் வேண்டியிருந்தது. அப்பா உட்கார்ந்தார்.

கடல்மேல் குரல் இரண்டு வழியாக வரும். நேராக ஒன்று, தண்ணீரில் பட்டுத் தெறித்து இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் கணீரென்று கேட்கும். ஒன்றையொன்று அழித்தால் அமுங்கிப்போகும். படகு அலையில் ஏறி இறங்க, இது மாறிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு இதன் கணக்கு தெரியாது. ஆனால் பேசுகிறவர்கள் எல்லோரும் முதலில் "கரை, கரை" என்று சொல்லிப் பெயரையும் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தார். தெரிந்த வாசகம் எப்படிச் சிதைந்து வருகிறதென்று கேட்டுவிட்டால் மீதியைக் காது திருத்திக்கொள்ளும். படகு இருக்கும் இடத்தின் ஜி.பி.எஸ். எண்ணை மூன்று முறை சொல்ல வேண்டும், நடுவே ஒரு பீடி இழுப்பு நேரம் விட்டு. அடுத்தடுத்துச் சொன்னால் ஒரே அமுங்கலில் மூன்றும் போய்விடும்.

கல்லூரியில் இதை நான்கு செமஸ்டர் படித்தேன். பெங்களூரில் இதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

2007 ஆகஸ்டில் இறுதியாண்டு புராஜெக்ட்டோடு ஊருக்கு வந்திருந்தேன். பகல் இரண்டு மணிக்கு வரதன் மாமா கூப்பிட்டார். அம்மாவின் தம்பி. அம்மா அப்போதே இல்லை.

"கரை, கரை, வரதன் பேசுறன். இன்ஜின் நின்னுபோச்சி." பிறகு எண். வடக்கு எண்ணில் சந்தேகமில்லை. கிழக்கு எண் எண்பது பாகை, முப்பத்தொரு கலை, அதாவது மினிட். மூன்று முறை சொன்னார். அதோடு அவர் பேட்டரி தீர்ந்தது.

மேற்குக் காற்று படகை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. போய்த் தேட ராஜாராமின் பைபர் போட்தான் கரையில் இருந்தது. இருந்த மண்ணெண்ணெய் ஒரு தடவை போய்வரத்தான் காணும்.

நான் முப்பத்தொன்று என்று எழுதிக் கொடுத்தேன். "மூணு தடவையும் ஒண்ணுதான் நைனா. தப்பு இல்ல."

அப்பா பார்த்தார். "இருபத்திநாலு."

ராஜாராம் சிரித்தார். "இன்னா சின்னராசு, பொண்ண இன்ஜினீருக்குப் படிக்க வெச்சிட்டு கணக்கு நீ போடுற?"

அப்பா சிரிக்கவில்லை.

மீன் கூடும் கடலடிப் பாறையை 'பார்' என்பார்கள். பார் இருக்கும் எண் ஒரு குடும்பத்தின் சொத்து. வயர்லெஸ்ஸில் பேசுவது ஊருக்கே கேட்கும். அதனால் ஒவ்வொரு வீட்டாரும் எண்ணோடு ஏதாவது கூட்டித்தான் சொல்வார்கள். மாமா கிழக்கு எண்ணில் ஏழு கூட்டுவார். அன்றுவரை எனக்கே தெரியாது.

"ஏழு கழிச்சிக்கோ ராஜாராமு. இருபத்திநாலுக்குப் போ. அங்கேர்ந்து கெயக்கால தேடு."

"உசுரு போற நேரத்துல கூடவா கூட்டிச் சொல்வாரு?" என்றேன். அப்பா சொல்வது சரியென்றால், முப்பத்தொன்றுக்குப் போனால் பதிமூன்று கிலோமீட்டர் தள்ளிப் போவோம். தப்பென்றால், இருபத்திநாலுக்குப் போய் அதே தூரம் முன்னாலேயே நின்றுவிடுவோம். இரண்டில் ஒன்று மாமாவைக் கொல்லும்.

"அப்பதாம்மா சொல்வான். பயந்தவன் வாயில பயகினதுதான் வரும்."

இருட்டும் முன் மாமாவின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். மாமா இறங்கியதும் அப்பாவிடம் வந்தார்.

"பாரக் காட்டிக் குடுத்துட்டியே மச்சான். இனிமே இந்த ராஜாராமு தெனம் அங்கதான் குந்திகினு இருப்பான்."

"நீ கீற இல்ல? போய் சோறு துன்னு."

வழியில் சிதைந்ததைத் திருத்த எனக்குத் தெரியும். சொல்கிறவரே மாற்றிச் சொன்னால், மூன்று முறை கேட்டாலும் மூன்றும் ஒத்துப்போகும். அன்று அதைக் கற்றுக்கொண்டதாக நினைத்தேன். புராஜெக்ட் அறிக்கையில்கூட ஒரு பத்தி எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனில் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "நல்லா கீறேன்." குரல் களைத்திருந்தது. கொஞ்ச நேரம் வேறு பேசிவிட்டு மறுபடி கேட்டேன். நல்லா கீறேன். வைக்கும் முன் இன்னொரு முறை கேட்டேன். அதே பதில். அந்த வாரம் ஆபீசில் டெஸ்டிங். லீவு போடவில்லை. புதன்கிழமை காலை செட்டுக்கு முன்னாலேயே அப்பா சாய்ந்துவிட்டார்.

நேற்று வயர்லெஸ் அறையில் மாமாவும் நானும் உட்கார்ந்திருந்தோம். அப்பாவுக்கு நாலு நாளாக நெஞ்சு வலி இருந்தது என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாராம். அப்பா வரவில்லையாம்.

"உங்கிட்ட இன்னாம்மா சொன்னாரு?"

"நல்லா கீறேன்னாரு மாமா."

"எத்தினி தபா?"

"மூணு."



"கூட்டிச் சொல்லிக்கீறாரு," என்றார் மாமா.