உருளியில் மிதந்த பூக்கள்

கொல்கத்தாவின் பெஹாலாவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் சின்னத் தோட்டம் போட்டேன். நடுவில், கல்யாணச் சீராக வந்த பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பிச் செம்பருத்திகளை மிதக்கவிட்டேன்.

மழைக்காலத்தில் கொசு ஒழிப்புக்காக வந்த பெண் அதைக் கவிழ்க்கச் சொன்னார்.

"தண்ணிய தினமும் மாத்தறேன், தீதி" என்றேன். பொய். பூவை மட்டும்தான் மாற்றினேன்.

மாடி வீட்டுச் சிறுமி மிஷ்டி அந்தப் பூக்களை விரலால் சுழற்றி விளையாடுவாள். அடுத்த மாதம் டெங்குவில் இறந்துபோனாள். அன்றுதான் உருளியைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் கொசுப்புழுக்கள் நெளிந்தன.

காரியத்தன்று அவள் அம்மா வந்தார். "அந்தப் பாத்திரத்தைத் தருவியா? அவ படத்துக்கு முன்னாடி வைக்கணும். அவளுக்கு அது உயிர்."

தேய்த்துக் கழுவிக் கொடுத்தேன்.

அவர் தினமும் அதில் தண்ணீர் மாற்றுகிறார். நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.