பின்கட்டுக் குடிலும் போர்ட் ஆபீசரும்

சாவித்திரியின் கோபம் அமெரிக்காவிலேயே தொடங்கிவிட்டது. 2005இல் கொல்கத்தா சால்ட் லேக்கில் அவள் வேலை பார்த்த கம்பெனி அவளை மூன்று மாத வேலைக்கு அங்கே அனுப்பியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, உள்நாட்டுப் போர் முடிந்த கிராமத்தைப் பார்க்கப் போனாள். தெரு, கடை எல்லாவற்றையும் அன்றிருந்தபடியே வைத்திருந்தார்கள். பழங்கால உடுப்பில் வந்த வழிகாட்டி, தளபதிகள் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திட்ட கூடத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். யார் எந்த மேஜையில் உட்கார்ந்தார் என்பதுவரை சொன்னார். பின்கட்டில் அடிமைகள் சமைத்து, படுத்த குடில் இருந்தது. அவர்கள் பெயர் என்ன என்று கேட்டாள். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

கிடர்பூர் துறைமுகத்தில் இருபத்தெட்டு வருஷம் மூட்டை சுமந்த ஏழுமலையின் மகள் அவள். வீட்டின் முதல் பட்டதாரி. அந்தக் குடிலை மட்டும் ஒன்பது படம் எடுத்தாள்.

ஊர் திரும்பியதும் பாலிகஞ்ச் தமிழர் மன்றத்தில் படம் காட்டச் சொன்னார்கள். ஏழுமலை தேய்த்த சட்டையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். கொல்கத்தாவில் அவரை ‘சார்’ என்று கூப்பிடும் ஒரே இடம் அதுதான். “படிச்சவங்க படிச்சவங்கதாம்மா. கூலிக்காரன்னு பாக்கறதில்ல” என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்.

உள்ளறையில் செயலாளர் பார்த்தசாரதி படங்களைப் புரட்டினார். “குடிசையே ஒம்பது இருக்கேம்மா! இதைப் பார்க்க அமெரிக்கா போகணுமா?” என்று சிரித்தார். “அந்த ஹாலை மட்டும் காமி, போறும்.”

“அந்த ஹாலைப் பெருக்கினது யாரு சார்?”

“கோச்சுக்காதே. ஆபீசர் பொண்ணு, உனக்கெதுக்கு இதெல்லாம்?”

“எந்த ஆபீசர்? எங்கப்பா மூட்டை தூக்கினவர்.”

அவர் அலமாரியிலிருந்து உறுப்பினர் படிவத்தை எடுத்து நீட்டினார். வருஷம் 1992. தொழில்: போர்ட் ஆபீசர். கீழே அப்பாவின் கோணல் கையெழுத்து. மற்றதெல்லாம் எட்டாம் வகுப்பு சாவித்திரியின் குண்டு எழுத்து.

அப்பா அன்று ‘கூலி’ என்றுதான் சொல்லியிருந்தார். தன் பெயரைப் போடத் தெரியுமே தவிர, அவருக்குப் படிக்கத் தெரியாது.

வழிகாட்டிக்காவது தெரியாது. அவளோ தெரிந்தே மறைத்தவள். வாயை மூடிக்கொண்டால் அப்பாவின் ‘சார்’ பிழைக்கும். ஆனால் அந்தக் குடிலைக் காட்ட அப்புறம் என்ன யோக்கியதை? ஆத்திரத்தோடு மேடையேறி மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். படிவத்தை நிரப்பியது யார் என்பதையும் சொன்னாள்.

கைதட்டினார்கள். ஏழுமலை தட்டவில்லை. எழுந்து மேடையோரம் வந்தார்.

“அப்போ இவ்ளோ நாளா இவங்க கும்பிட்டது என்னையில்லியா?”

“அப்பா...”

“கூலின்னு எழுதறதுக்கு அன்னிக்கு உனுக்குக் கூச்சம். இன்னிக்கு மைக்குல சொல்லிட்ட. ரெண்டு தபாவும் என்னாண்ட ஒரு வார்த்த கேட்டியா?”

விடுவிடுவென்று கிடர்பூர் பஸ்ஸுக்கு நடந்தார். சாவித்திரி செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.