நூல் பிடியும் கோழி இறகும்

என் கைதான் கோளாறு என்று எல்லாரும் சொன்னார்கள். பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி அந்த நூல் பிடியின் கோளாறு. எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஐம்பதுகளின் நடுவில், கும்மிடிப்பூண்டி ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் பெண்கள் நாங்கள் பூச்சி கட்டிக்கொண்டிருந்தோம். நிஜப் பூச்சி இல்லை. தூண்டில் முள்ளின் மேல் கோழி இறகை வைத்து, மெழுகு பூசிய பட்டு நூலால் சுற்றி, ஈ மாதிரி ஆக்குவது. சீமையில் துரைமார்கள் அதைக் காட்டித்தான் மீனை ஏமாற்றுவார்களாம். கொட்டகை பழவேற்காட்டு முஸ்லிம் வியாபாரி ஒருவருடையது. வேலை வாங்குவதற்கு ஒரு மேஸ்திரி இருந்தார்.

நான் திருவள்ளூர்க்காரி. அப்பா கோயிலில் பெருமாளுக்கு மாலை கட்டுகிறவர். புக்ககத்திலிருந்து ஒரு பெட்டியோடு கிளம்பி, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் அண்ணாவும் மன்னியும் இருந்த குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்திருந்தேன். ஏன் கிளம்பினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அண்ணா முதல் வாரமே சொல்லிவிட்டான்: "வேலைன்னு ஒண்ணு இருக்கற வரைக்கும் இரு. அது போச்சுன்னா நானே கொண்டு போய் உன் ஆம்படையான் ஆத்துல விட்டுட்டு வந்துடுவேன்."

வேலையில் சேர்ந்த அன்று மேஸ்திரி ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன்னால் கவிழ்த்தார். விழுந்ததெல்லாம் நூல் பிடிகள். கம்பியை இரண்டு காலாக வளைத்திருப்பார்கள். கால்களுக்கு நடுவே நூல் உருளையைக் கவ்வ வைத்து, நூலை மேலே இருக்கும் மெல்லிய குழாய்க்குள் விட்டு வெளியே இழுக்க வேண்டும். பிடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முள்ளைச் சுற்றிச் சுற்றி வர வேண்டியதுதான்.

"எது ஓணுமோ எட்த்துக்கம்மா" என்றார் மேஸ்திரி. இருப்பதிலேயே பளபளப்பானதை எடுத்தேன். புடவைக் கடையிலும் எனக்கு அதே புத்திதான்.

சுற்றினேன், அறுந்தது. மறுபடி சுற்றினேன், மறுபடி அறுந்தது. மாலை கட்டும் வீட்டில் பிறந்தவளுக்கு வாழைநாரை நனைத்து வெடுக்கென்று இழுத்துத்தான் பழக்கம். அதையே பட்டு நூலிடமும் காட்டினேன். தண்ணீரில் வேறு தோய்த்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பழவேற்காட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னாக்கா, இந்த இழு இழுக்கற! அந்தாண்ட சுறா எதுனா மாட்டிக்கினு கீதா?"

கையை அடக்கிக்கொண்டேன். அப்படியும் நூல் பிசிறு பிசிறாக வந்தது. சந்தேகம் வந்து குழாயின் வாயை நகத்தால் தடவினேன். நகத்தைச் சுரண்டியது. அந்தப் பளபளப்பைத் தூக்கி டப்பாவிலேயே போட்டேன். ஒவ்வொன்றின் வாயையும் நகத்தால் தடவிப் பார்த்து, வழுவழுவென்று இருந்த ஒரு கறுத்த பிடியை எடுத்துக்கொண்டேன். அதன் கால்களோ உருளையை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தன. இரண்டு கால்களையும் வெளிப்பக்கமாக வளைக்க ஆரம்பித்தேன்.

"இன்னாம்மா பண்ற? சீமை சாமான் அது! ஒடஞ்சிபூடும்!" என்று பதறினார் மேஸ்திரி.

"ஒடஞ்சா ஒடையட்டும். நூல் அறுந்துண்டே இருந்தா என்னைத்தானே அனுப்புவேள், இதையா அனுப்புவேள்?"

அதிகமாக வளைத்துவிட்டேன் போலிருக்கிறது. உருளை கழன்று விழுந்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது. கொட்டகையே சிரித்தது. சிரியுங்கள் என்று விட்டுவிட்டு, கால்களைக் கொஞ்சம் உள்ளே அழுத்தினேன், கொஞ்சம் விரித்தேன். கடைசியில் நூலின் நுனியைப் பிடித்துத் தொங்கவிட்டால் பிடி கீழே இறங்காமல் நின்றது. ஒரு விரலால் இழுத்தால் மறுக்காமல் நூல் கொடுத்தது. இதில் வாழ்க்கைப் பாடம் எதையும் தேட வேண்டாம். நூல் அறுந்தால் வேலை போகும், வேலை போனால் புக்ககம், அவ்வளவுதான்.

பிடி சரியாயிற்று; கைதான் இன்னும் படியவில்லை. பூச்சியின் தலை மிளகு மாதிரி பருத்து வந்தது. அடுத்த பார்சல் கப்பலுக்குப் போவதற்குள் சரிப்படுத்தாவிட்டால் வர வேண்டாம் என்றார் மேஸ்திரி. வீட்டில் பழகிக்கொள்ள நூல் பிடி, முள், இறகு எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தார். வீட்டு வாசலிலேயே அண்ணா மறித்தான்.

"பெருமாள் எழுந்தருளியிருக்கற ஆத்துக்குள்ள கோழி ரெக்கையா? வெக்கமா இல்லை உனக்கு?"

"இருந்த வெக்கமெல்லாம் புக்காத்துலயே தீர்ந்து போச்சு."

"அப்போ டப்பாவும் நீயும் வெளியிலேயே இருங்கோ. சாப்பாடு கொல்லைப்பக்கம் வரும்."

சாப்பாடு கொல்லைப்பக்கம்தான் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து வாசற்படியில் உட்கார்ந்தேன். ஸ்டேஷனுக்குப் போகிற வழி அதுதான். மெட்ராஸ் வண்டிக்குப் போகிற அத்தனை பேரும் பார்க்க, ரசஞ்சாதத்தைப் பிசைந்து சாப்பிட்டேன். கை கழுவியதும் அங்கேயே டப்பாவைத் திறந்து பூச்சி கட்டினேன்.

ரயில்வே பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் நின்று விசாரித்தார்.

"இன்னாம்மா, ஊட்ல எதுனா பேஜாரா?"

"ஒண்ணுமில்லேப்பா. கோழி ரெக்கையைத் தொட்டேன்னு வெளியில ஒக்காத்தி வெச்சிருக்கா."

"தொட்டதுக்கேவா? நாங்க துன்னுக்கினே கீறோம், எங்கள இன்னா பண்ணுவாரு?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவர் அதைக் கொண்டுபோய் ஸ்டேஷன் முழுக்கச் சொல்லிவிட்டார். அப்புறம் அண்ணாவின் டிக்கெட் ஜன்னலில் சூளூர்பேட்டைக்கு ஒரு டிக்கெட் கேட்கிறவனும், "தங்கச்சிய உள்ள சேத்துக்கினீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் போனானாம். மன்னி பொருமலோடு சொன்னாள். கேட்க எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. வாசலில் உட்கார்ந்து கட்டியதில் கையும் படிந்தது. பூச்சியின் தலை கடுகளவுக்கு வந்துவிட்டது. பார்த்த மேஸ்திரி என்னைப் போகச் சொல்லவில்லை.

அதற்கு மறுநாள் சாயங்காலம் அண்ணா ஸ்டேஷனிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு வந்தான்.

"போதும். உள்ள வந்து சாப்பிடு."

"டப்பா?"

"அது வெளியிலேயே இருக்கட்டும்."

"அப்போ நானும் இருக்கேன்."

மன்னி கதவருகில் நின்றுகொண்டு அவன் முகத்தைப் பார்த்தாள். தெருவில் யாரோ இரண்டு பேர் நடையைத் தளர்த்தினார்கள். அண்ணா நிலைப்படியை விட்டு விலகினான்.

கல்யாணமாகிப் புக்ககத்துக்குள் நுழைந்தபோது வலது காலை எடுத்து வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். இங்கே எந்தக் காலையும் முதலில் வைக்கவில்லை. டப்பாவை வைத்தேன்.