ஐந்து வீட்டுச் சாவிகள்

மாரிகுப்பத்தில் எங்கள் லைனில் ஆறு வீடுகள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்காகக் கட்டியவை. சுரங்கம் மூடிய பிறகு ஐந்து குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பெங்களூருக்குப் போய்விட்டன. போகும்போது ஒவ்வொருவரும், கொஞ்ச நாள் பார்த்துக்கொள் அக்கா என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நானும் பெரிய மனுஷி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டேன். ஐந்து வீட்டுக் கவலையையும் சேர்த்து வாங்குகிறேன் என்று அப்போது உறைக்கவில்லை.

காலி வீடு என்று தெரிந்தால் ஒரே வாரத்தில் கதவு போய்விடும். அடுத்தது தகரம். பின் லைனில் அப்படித்தான் ஆரம்பித்தது, இப்போது அங்கே சுவர்கள் மட்டும் நிற்கின்றன. அதனால் எங்கள் துணிகளைத் துவைத்து, வாசலுக்கு இரண்டாக அந்த ஐந்து வீடுகளின் முன்னால் காயப்போடுவேன். ஒன்றில் என் புடவை, இன்னொன்றில் என் கணவரின் லுங்கி. கூடவே பழைய செருப்பு, ஒரு பிளாஸ்டிக் குடம். பார்க்கிறவர்களுக்கு ஆள் இருப்பது மாதிரித் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கணவர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். தன் லுங்கிக்காக லைன் முழுக்க அலைய வேண்டியிருக்கிறது என்று கிண்டல் செய்வார்.

போன மாதம் வீட்டுக் கணக்கெடுக்க அதிகாரிகள் வருவதாகப் பேச்சு அடிபட்டது. குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான் வீட்டை எழுதித் தருவார்களாம். காலி என்று தெரிந்தால் அந்த ஐந்து வீடும் அவர்கள் கையைவிட்டுப் போய்விடும். நாள் தவறாமல் எங்கள் துணி அத்தனையையும் அந்த ஐந்து வாசல்களுக்கே கொடுத்தேன். அவர்கள் வந்த அன்று பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு மருந்து வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் ஐந்து கதவுகளில் நீலத்தில் நம்பர். என் கதவில் மட்டும் சிவப்பில், கன்னடத்தில், காலி என்று எழுதியிருந்தது.

லைன் கோடியில் ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்த கணக்கெடுக்க வந்தவரிடம் ஓடினேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கோபக்காரர் இல்லை.

"எல்லா வூடும் பூட்டித்தாம்மா இருந்துச்சு. அங்கெல்லாம் துணி காயுது, செருப்பு இருக்குது. உங்க வாசல்ல ஒண்ணுமே இல்லையே, நான் இன்னான்னு எழுதறது?"

என் முகத்தைப் பார்த்து அவருக்கே மனசு இளகிவிட்டது.

"சரி, அக்கம்பக்கத்துல ரெண்டு பேரைக் கூட்டினு வந்து கையெழுத்து போடச் சொல்லுங்க. நாங்க கிளம்பறதுக்குள்ள வாங்க, மாத்திடறேன்."

சாவிக் கொத்து என் இடுப்பில் கனத்தது. உண்மையைச் சொன்னால் ஐந்து கதவுகளும் சிவப்பாகிவிடும். கூட்டினு வரேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். அடுத்த வீட்டு வாசலில் என் பச்சைப் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதை உருவி என் வாசலில் போடலாமா என்று கை நீண்டது. திரும்பிப் பார்த்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடக்கிக்கொண்டு, ஆளில்லாத அந்தக் கதவைத் தட்டினேன்.