கொடிக்கம்பம் கழுவிய நாள்

ஊரிலிருந்த கணவருடைய விசா இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெளிநாட்டு நகரமொன்றில், செவன் கிங்ஸ் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேலறையில் நான் தனியாக இருந்தேன். கீழே இருந்த வீட்டுக்காரி பஞ்சாபிலிருந்து கல்யாணமாகி வந்த சீக்கியப் பெண், கணவரை இழந்தவர். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பேச்செல்லாம் அரைகுறை ஆங்கிலத்தில். எங்களுக்கு அது போதுமாயிருந்தது.

சித்திரை வருடப்பிறப்பன்று ஒரு சின்னச் சட்டியில் பொங்கினேன். படைத்துவிட்டுத் தனியே சாப்பிட உட்கார்ந்தேன். அப்போது அக்கா கதவைத் தட்டினார். அன்று அவர்களுக்கு வைசாகி. அவர்களுடைய கோயிலான குருத்வாராவுக்கு வரச் சொன்னார். பொங்கலை மூடி வைத்துவிட்டு, சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு போனேன்.

முற்றத்தில் கொடிக்கம்பத்தைச் சாய்த்து வைத்திருந்தார்கள். பழைய துணியை அவிழ்த்துவிட்டு, கம்பத்தைப் பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவினார்கள். கிழவர்களும் பிள்ளைகளும் கைவைத்துத் தேய்த்தார்கள். செம்மஞ்சள் துணி புதிதாகச் சுற்றி அதை நிமிர்த்தியபோது கூட்டம் ஒரே குரலில் முழங்கியது.

"ஊரில் இப்போது கோதுமை அறுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு அறுவடையும் நான் பார்க்கவில்லை," என்றார் அக்கா. "உங்களுக்கும் இன்றைக்கு அறுவடையா?"

"இல்லை அக்கா. எங்கள் நெல் தையிலேயே வீட்டுக்கு வந்துவிடும்."

வைசாகி அறுவடைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அக்கா மற்றக் கதையையும் சொன்னார். முந்நூறு வருடங்களுக்கு முன் இதே நாளில் அவர்களுடைய குரு வாளோடு நின்று, தன் தலையைத் தர யார் வருவீர்கள் என்று கூட்டத்தைக் கேட்டாராம். ஐந்து பேர் ஒருவர்பின் ஒருவராக எழுந்து போனார்களாம். வேறு வேறு ஊர், வேறு வேறு சாதி. ஐவரும் உயிரோடு திரும்பி வந்து, ஒரே கிண்ணத்தில் இனிப்புத் தண்ணீர் குடித்து ஒரே குடும்பமானார்களாம்.

பிறகு தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டோம். இரண்டு பக்கமும் முன்பின் தெரியாத பெண்களின் தோள்கள் என்மேல் இடித்தன. ஒருவரோடு ஒட்டியிருந்து சாப்பிட்டு எத்தனை மாதம் என்று நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பக்கத்திலிருந்தவர் உறைப்பு என்று நினைத்துத் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினார்.

பின்னேரம் ஊரிலிருந்து கணவர் போன் எடுத்தார்.

"வருசத்துக்குப் பொங்கினனீரோ?"

"ஓம். ஆனா சாப்பிட்டது குருத்வாராவில."

"தனியவோ?"

"இல்லை. கன ஆக்களோட."

"எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வையும்," என்றார்.

அவர் வந்து சேர இன்னும் இரண்டு சித்திரை போனது. அதற்குள் அக்கா வீட்டை விற்றுவிட்டுப் பஞ்சாபுக்குத் தம்பியிடம் போய்விட்டார். நாங்கள் இப்போது அதே நகரத்தின் மறுபக்கம், கோலியர்ஸ் வுட்டில் இருக்கிறோம். வைசாகிக்கு இருவரும் குருத்வாராவுக்குப் போவோம். கணவர் தலையில் துணி கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விடுவார். பந்தியில் இருக்கும்போது அக்காவைப் போல வெள்ளைத் துப்பட்டா போட்ட யாராவது வாசலால் வந்தால் நிமிர்ந்து பார்ப்பேன். அக்கா தந்துவிட்டுப் போன போன் இலக்கத்துக்கு எடுத்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இந்த வருடமும் எடுத்தேன்.