ஒரு லீவு விண்ணப்பமும் ஒன்பது நாளும்

நாகேஸ்வரய்யரை நினைத்தால் எனக்கு இன்றும் முதலில் கோபம்தான் வருகிறது. இரக்கம் அப்புறம்தான். எங்கள் ஆபீஸில் இருபத்தாறு வருஷம் டிராஃப்டிங் குமாஸ்தாவாக இருந்தவர். மேலே போகும் எந்த இங்கிலீஷ் கடிதமும் அவர் கை படாமல் போகாது. கரமனை அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வருவார். உட்கார்ந்தால் சாயங்காலம் வரை சிவப்பு மையும் அவரும்தான்.

இங்கிலீஷ் வினைச்சொற்களை அவரைப் போல நிறுத்துப் பார்த்தவர் கிடையாது. 'லுக்' என்றால் நாமாகக் கண்ணைத் திருப்புவது, 'ஸீ' என்றால் தானாகக் கண்ணில் படுவது, 'வாட்ச்' என்றால் கண்ணை எடுக்காமல் இருப்பது என்பார். கேட்பதிலும் படிகள் உண்டு. சமமானவன் 'ரிக்வெஸ்ட்' செய்வான், கீழே இருப்பவன் 'பெக்' செய்வான். வெங்கடசுப்ரமணியன் வேலைக்குச் சேர்ந்த புதிதில், தங்கை கல்யாணத்துக்கு லீவு கேட்டு 'ரிக்வெஸ்ட்' என்று எழுதிவிட்டான். "நீ என்ன திவானோ?" என்று எல்லார் முன்னிலும் கேட்டு அதைத் திருப்பிக் கொடுத்தவர் இவர்தான். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

கொல்லம் ஆண்டு 1108-இல் அதே வெங்கடசுப்ரமணியன் ஹெட்கிளார்க் ஆகி இவருக்கு மேலே உட்கார்ந்தான். அந்த மகர மாதத்தில் அய்யரின் மனைவி சூடாமணியம்மாளுக்குக் கண்ணில் கோளாறு. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது, தலைவலி மண்டையைப் பிளந்தது. மெட்ராஸுக்கு உடனே கூட்டிப்போய் ஆபரேஷன் செய்யாவிட்டால் பார்வை போய்விடும், ஒரு நாளும் கடத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிள்ளைகள் இல்லை, இவரே போக வேண்டும். உத்தரவில்லாமல் ஊரை விட்டால் வேலை போகும்.

அன்றே விண்ணப்பம் எழுதினார், 'ரிக்வெஸ்ட்' என்று. ஹெட்கிளார்க் அந்தச் சொல்லுக்கு அடியில் கோடு போட்டுத் திருப்பினான்.

"மாமா, எல்லாருக்கும் உள்ள வழக்கம்தானே. மாத்தி எழுதித் தாங்கோ, இன்னிக்கே கையெழுத்து வாங்கித் தரேன்."

அவன் ஏளனமாகச் சொல்லவில்லை. அய்யர் காகிதத்தை வாங்கி மேசைக்குள் போட்டுப் பூட்டினார்.

நான் பகவதிப்பெருமாள், பக்கத்து மேசையில் தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் குமாஸ்தா. மனசு கேட்காமல், "சாமி, ஒரு வார்த்தைதானே. எழுதிக் குடுத்துட்டு வண்டி ஏறும்" என்றேன்.

"பகவதிப்பெருமாளே, இத்தனை வருஷம் உழைச்சவன் பிச்சைக்காரனாட்டம் எழுதணுமோ? அதுவும் அவன்கிட்டயோ?"

தினம் 'பெக்'குக்குப் பதில் வேறொரு சொல் போட்டு ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தார். ஒரு நாள் 'ஆஸ்க்', ஒரு நாள் 'அப்ளை', ஒரு நாள் 'ஸாலிசிட்'. எல்லாம் கோடு வாங்கித் திரும்பின. வீட்டில், பெரிய ஆபீஸர் வெளியூர் முகாம் போயிருக்கிறார், வந்தால்தான் லீவு என்று சொல்லிவைத்திருந்தார். அந்த அம்மாள் அதை நம்பி, ஈரத்துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். நானாவது உள்ளே போய் ஆபீஸரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். ஊர் வம்பு நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

பத்தாம் நாள் காலை அய்யர் தாமதமாக வந்தார். முகத்தில் சுரத்தே இல்லை. "கண்ணுக்கு முன்னாடி நின்னேன். யாருன்னு கேட்டா" என்றார். பிறகு உட்கார்ந்து 'பெக்' என்று எழுதினார். ஒரு மணி நேரத்தில் லீவு கிடைத்தது.

மெட்ராஸில் இடது கண்ணைப் பாதி மீட்டார்கள். வலது கண் போய்விட்டது. ஒரு வாரத்துக்கு முன்னால் வந்திருக்கலாமே என்றாராம் அங்கிருந்த டாக்டர்.

திரும்பி வந்த பிறகு பார்க்கப் போயிருந்தேன். அய்யர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, என் முன்னாலேயே மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். முகாம் பொய்யை, ஒன்பது விண்ணப்பங்களை, அந்த ஒரு சொல்லை. சொல்லி முடித்துச் சுவரைப் பார்த்தார்.

அந்த அம்மாள் கட்டுப் போட்ட முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"உங்க மானம்தான் பெரிசுன்னா, என் கண்ணை என்கிட்ட கேட்டிருக்கலாமே. குடுத்திருப்பேன். கேக்காமலே எடுத்துண்டுட்டேளே."