வெட்டுப்பட்ட குதிரை

மதினி இறந்து காரியமெல்லாம் முடிந்ததும், அண்ணனை ஆழ்வார்குறிச்சி வீட்டில் தனியே விட எனக்கு மனம் வரவில்லை. பாளையங்கோட்டைக்கு, என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டேன். செஸ் என்றால் அவனுக்கு உயிர். ஆனால் பலகையை விரித்தாலே மதினி பக்கத்தில் உட்கார்ந்து கேலி பேசியது நினைவுக்கு வருகிறது என்று தொடமாட்டான். சரி, பலகையே வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

காலையில் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டே, காயையும் அது போகும் கட்டத்தின் எழுத்தையும் எண்ணையும் சொல்லி வாயால் ஆடுவோம். "குதிரை எஃப் மூணு" என்பான். காய்கள் அத்தனையும் மனதுக்குள்ளேயே நிற்க வேண்டும். எனக்குக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் கலங்கிவிடும். "நான் இது, நீ அது, பொறவு நான் இதுன்னு உள்ளுக்குள்ள போயிப் பாத்துட்டு வாயத் தொற" என்பான். இல்லாத காயை நகர்த்தினால் தோல்வி. தோற்றவர் வீட்டுக்குப் போய்க் காப்பி போட வேண்டும். வெகுநாள் நான்தான் போட்டேன்.

"ஏளா, ஒங் கண்ணுக்குள்ள பலகையே இல்ல, வெறும் அடுப்புதான் இருக்கு" என்று சிரிப்பான். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் சிரிக்கிறானே, அது போதும் என்றிருந்தது.

போகப்போக நானும் தேறினேன். ஒருநாள் அவன், "குதிரை ஜி அஞ்சு" என்றான். அந்தக் குதிரையைச் சற்று முன்புதான் நான் வெட்டியிருந்தேன்.

"எந்தக் குதிரைண்ணே?"

"என்னளா கேக்க? எஃப் மூணுல நிக்குதுல்லா!"

முகத்தில் துளி சந்தேகம் இல்லை. சாவியை எங்கோ வைப்பதையும் தெருவை மாற்றிச் சொல்வதையும் வயசுக் கோளாறு என்று தள்ளியிருந்தேன். செஸ்ஸில் அவன் தவறியதே கிடையாது.

"ஆமா, நிக்குது" என்றேன். மறதி நோய்தான் என்று பிறகு டாக்டரும் சொன்னார்.

அன்றிலிருந்து என் தலைக்குள் இரண்டு பலகை. ஒன்று ஆட்டத்தில் உள்ளது, மற்றது அவன் மனதில் உள்ளது. அவனுடைய பலகையில் எது செத்தது, எது எழுந்து நிற்கிறது என்று அவன் பேச்சை வைத்தே கண்டுபிடித்து, அதற்குத் தக்கபடி ஆடித் தோற்பேன். தோற்பதற்காக இவ்வளவு கூர்மையாக யோசித்தவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். காப்பி போடும்போது அழுகை வரும், அடுப்படியிலேயே முடித்துக்கொள்வேன்.

போன வாரம் நடை முடிந்து வந்தவன் வாசல் கேட்டிலேயே நின்றுவிட்டான்.

"ஒம் மதினி கோயிலுக்குப் போயி எவ்வளவு நேரமாவுது? இன்னும் காணல பாரு."

வாயைத் திறக்குமுன் யோசித்தேன். உண்மையைச் சொன்னால் அழுவான். நாளைக்கும் கேட்பான், நாளைக்கும் புதிதாக அழுவான். வருவாள் என்றால் சமாதானமாகி உள்ளே வந்துவிடுவான்.

"வந்துருவாங்கண்ணே. நீ உள்ள வந்து காப்பியக் குடி."

"அவளும் வரட்டும், சேந்து குடிக்கோம்" என்று கேட்டைப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றான்.

நான் யோசித்துப் பார்த்த எந்த வழியிலும் இந்தப் பதில் இல்லை. நானும் அவன் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.